தீயணைக்கும் கருவி எத்தனை எட்டில் உள்ளது?

தீ விபத்து ஒன்றைப் பற்றிக் கேள்வியுறும்போது, “அங்கே தீயணைக்கும் கருவி இருந்ததா?” என்று வினவுவது வழக்கம். “இருந்தது” என்ற விடை கிடைத்ததும் வினவியவர் அமைதி அடைந்துவிடுகிறார். ஆனால், அவ்வினாவோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு வினாவும் உண்டு. தீப்பிடித்த இடத்தில் நின்றவர் அந்தக் கருவியை எடுத்துவர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதே அது.

கருவி சுவரில் தொங்குவது ஒன்று. வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் உயிரையும் உடைமையையும் காக்கவும் கூடும், இழக்கச் செய்யவும் கூடும். அத்தூரத்தை எவ்வாறு அளப்பது, அது எவ்வளவு இருக்கலாம், நமது லயங்களிலும் புகைக் கொட்டகைகளிலும் அதனை எவ்வாறு சரிபார்ப்பது ஆகியவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 15 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றும், பொறுமையும் இருந்தால் போதும்.

கிராஞ்சியில் காணத்தக்கவை

ஜொகூர்க் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் செல்வோர் முதலில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தை அடைவர். அதன் அருகே மேற்கில் அமைந்துள்ளது கிராஞ்சி. கிராஞ்சி என்றதும் அங்குள்ள போர் நினைவுச் சின்னமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வட்டாரத்துக்கும் நமது தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1877 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் ரப்பர் பயிரிடுதல் பரவிய காலத்தில் கிராஞ்சியைச் சூழ்ந்த நிலங்களிலும் ரப்பர் மரங்கள் நின்றன.

இன்று அங்கே ரப்பர்த் தோட்டங்கள் இல்லை. அடுத்துள்ள சுங்கை காடுட் வட்டாரம் மர வேலைக்கும் மரச்சாமான் உற்பத்திக்கும் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. கிராஞ்சியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள் உள்ளன. தமிழகத்திலிருந்து வந்து உழைப்போர் பலர் அவ்விடுதிகளில் வசிக்கின்றனர். ஓய்வு நாளில் சிராங்கூன் சாலைக்குச் சென்று, லிட்டில் இந்தியாக் கடைகளில் ஊர்ச் செய்தி பேசித் திரும்புவது அவர்களின் வழக்கம்.

நமது பொருளுக்குக் கிராஞ்சி நல்ல எடுத்துக்காட்டாக அமைவதற்குக் காரணம் உண்டு. எரியும் பொருள் குவிந்து கிடக்கும் நீண்ட பட்டறையும், பலர் சேர்ந்து உறங்கும் விடுதியும் அங்கே அருகருகே காணப்படுகின்றன. தோட்டத்திலும் அவ்வாறே, ரப்பர்த் தாள் அடுக்கிய கொட்டகை ஒருபுறம், குடும்பங்கள் வாழும் லயம் மறுபுறம். பெயர்கள் வேறாயினும் இடர் ஒன்றுதான்.

நடைத்தொலைவு என்பது யாது?

ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து தீயணைக்கும் கருவி மாட்டப்பட்ட இடம்வரை, அவர் உண்மையாகவே கால் பதித்து நடக்க வேண்டிய வழியின் நீளமே நடைத்தொலைவு எனப்படும். பறவை பறக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு அன்று அது. சுவரை ஊடுருவிச் செல்ல மனிதனால் இயலாது. மேசையைச் சுற்றியும், சாமான் அடுக்கை விலக்கியும், கதவு வழியே நுழைந்தும்தான் செல்ல முடியும். அவ்வளைவுகள் யாவும் கணக்கில் சேர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மரச்சாமான் பட்டறை ஒன்றின் நீளம் 12 மீட்டர், அகலம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் தொழிலாளி ஒருவர் வேலை செய்கிறார். அதற்கு நேர் எதிர் மூலையில் கருவி மாட்டப்பட்டுள்ளது. கட்டட வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குக் கோடு இழுத்தால், சரியாக 15 மீட்டர் வரும். பள்ளியில் செங்கோண முக்கோணக் கணக்குப் போட்டவர்கள் இதனை எளிதில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்பொழுது அப்பட்டறையின் நடுவில் பலகைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிவைத்திருக்கிறார்கள் எனக் கொள்வோம். குறுக்கே நடக்க வழியில்லை. தொழிலாளி சுவரோரமாக 12 மீட்டர் நடந்து, திரும்பி, மேலும் 9 மீட்டர் நடக்க வேண்டும். ஆக மொத்தம் 21 மீட்டர். காகிதத்தில் 15 மீட்டராக இருந்த தூரம் தரையில் 21 மீட்டராகிவிட்டது. வரைபடத்தை மட்டும் கண்டவர் எல்லாம் சரியாக உள்ளது என்பார். நடந்து பார்த்தவர் மட்டுமே ஆறு மீட்டர் கூடுதல் என்பதை அறிவார்.

ஆறு மீட்டருக்கு என்ன மதிப்பு?

ஆறு மீட்டர் பெரிய தூரமா என்று சிலர் கேட்கலாம். தீயின் இயல்பை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். தொடக்கத்தில் தீ மெதுவாக வளர்வது போலத் தோன்றும். பின்னர் திடீரென்று எழும். தீப்பாதுகாப்புப் பொறியியலாளர்கள், வளரும் நிலையிலுள்ள தீயின் வெப்பம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதாகக் கொண்டு கணக்கிடுவர். அதாவது, ஒரு நிமிடத்தில் இருந்த வெப்ப வெளியீடு, இரண்டாம் நிமிட முடிவில் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். மூன்றாம் நிமிட முடிவில் ஒன்பது மடங்காகும். எனவே தொடக்கத்தில் வீணாகும் ஒவ்வொரு நொடியும் தீக்கு நாம் கொடுக்கும் வட்டியாகும்.

விரைந்து நடக்கும் ஒருவர் நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் கடப்பார். 15 மீட்டரைக் கடக்க அவருக்கு 10 நொடி ஆகும். ஆனால் கருவியை எடுத்துக்கொண்டு அதே தூரம் திரும்பி வரவும் வேண்டும் அன்றோ? அதற்கு மேலும் 10 நொடி. 9 லிட்டர் நீர்க் கருவியாயின், உள்ளிருக்கும் நீரின் எடை மட்டுமே 9 கிலோ. உருளையின் எடை அதற்கு மேல். சுமையோடு திரும்பும் நடை போகும்போது இருந்த நடையாக இராது. கொக்கியிலிருந்து கழற்றவும், பாதுகாப்பு ஊசியை இழுக்கவும் நேரம் தேவை.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் உலர்தூள் கருவி, அதன் அளவுக்கேற்ப, பத்து இருபது நொடிகளில் காலியாகிவிடும். தீ சிறிதாக இருக்கும்போது வந்து சேர்ந்தால் அந்த நொடிகள் போதும். பெரிதான பின் வந்தால் அவை போதா. கருவியின் ஆற்றல் மாறுவதில்லை. நாம் வந்து சேரும் நேரத்தில் தீயின் அளவுதான் மாறுகிறது. நடைத்தொலைவுக்கு வரம்பு விதிக்கப்பட்டதன் காரணம் இதுவே.

நியமங்கள் கூறும் அளவு

இத்தொலைவு எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பல நாடுகளும் எழுதிவைத்துள்ளன. மரம், துணி, காகிதம் போன்ற திடப்பொருள் எரியக்கூடிய இடங்களில், இந்திய நியமம் 15 மீட்டர் என்று வரையறுக்கிறது. அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் நியமம் 75 அடி, அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் என்கிறது. பிரிட்டிஷ் நியமம் 30 மீட்டர் வரை இடம் தருகிறது. சிங்கப்பூரில் இக்கருவிகளின் பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் எஸ்.எஸ். 578 என்னும் தனி நியமம் உள்ளது.

எரியெண்ணெய், பெட்ரோல் போன்ற திரவங்கள் உள்ள இடத்தில் வரம்பு சுருங்குகிறது. அமெரிக்க நியமப்படி, கருவியின் ஆற்றலுக்கேற்ப அது 30 அல்லது 50 அடி ஆகும். அதாவது ஏறத்தாழ 9 அல்லது 15 மீட்டர். சிந்திய எரிபொருள் பற்றிக்கொண்டால் தீ கணப்பொழுதில் பரவிவிடும். அங்கே நெடுந்தூரம் நடப்பதற்கு அவகாசம் இல்லை.

மலேசியாவில் 1984 ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளில் 227 ஆவது விதி இக்கருவிகளைப் பற்றிப் பேசுகிறது. வெளியேறும் வழிகளில், எல்லாத் திசையிலிருந்தும் பார்வைக்குத் தெரியுமாறு அவை வைக்கப்பட வேண்டும் என்றும், ஒரே கட்டடத்திலுள்ள ஒத்த கருவிகள் யாவும் ஒரே வகையில் இயக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. ஒரு கருவியைக் குமிழ் தட்டியும் மற்றொன்றைப் பிடி அழுத்தியும் இயக்க வேண்டியிருந்தால், பதற்றமான வேளையில் குழப்பமே மிஞ்சும்.

நாடுகளின் அளவுகள் வேறுபட்டாலும், திடப்பொருள் எரியக்கூடிய இடங்களுக்கு மேலே கூறியவற்றுள் மிகக் குறைந்ததான 15 மீட்டரை மனத்திற் கொண்டு அளந்தால் நாம் பிழைபடமாட்டோம். உங்கள் கட்டடத்துக்குரிய சரியான அளவைத் தீயணைப்பு, மீட்புப் படை அதிகாரிகளிடம் நிருவாகம் கேட்டறிந்து கொள்ளலாம்.

கயிற்றால் அளக்கும் முறை

முதலில் 15 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டு கொடுக்காத கயிறாக இருத்தல் நலம். ஒரு முனையைக் கருவி மாட்டிய இடத்துக்கு நேர் கீழே ஒருவர் தரையில் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர் மறுமுனையை ஏந்தி, மனிதர் நடக்கும் வழியிலேயே கயிற்றைத் தரையில் விரித்துச் செல்லட்டும். சாமான் அடுக்குகளைச் சுற்ற வேண்டும். கதவு நிலையின் நடுவே செல்ல வேண்டும். சுவரை ஒட்டி மூலையைத் தேய்த்துக்கொண்டு செல்லக் கூடாது. எவரும் அவ்வாறு நடப்பதில்லை.

கயிறு முடியும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். எல்லாத் திசைகளிலும் இவ்வாறு செய்தால், அக்கருவி காக்கும் எல்லை தரையிலே தெரிந்துவிடும். கோட்டுக்கு அப்பால் மனிதர் வேலை செய்யும் இடமோ, உறங்கும் இடமோ, எரியும் பொருளோ இருக்குமாயின், அவ்விடத்துக்கு வேறொரு கருவி தேவை என்பது பொருள்.

கயிறு இல்லாதபோது காலடியாலும் அளக்கலாம். ஆனால் உங்கள் காலடியின் அளவை முதலில் அறிந்திருக்க வேண்டும். நாடாவைக் கொண்டு 15 மீட்டரைத் தரையில் குறித்து, வழக்கம்போல் நடந்து எட்டுகளை எண்ணுங்கள். ஓர் எட்டு முக்கால் மீட்டராயின் 20 எட்டு வரும். உயரமானவருக்குச் சில எட்டுகள் குறையலாம், முதியவருக்குக் கூடலாம். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், எங்கே சென்றாலும் அளவுகோல் உங்கள் காலிலேயே இருக்கும்.

அளக்கும்போது நான்கு விதிகளை மறத்தல் ஆகாது.

முதலாவது, மிகத் தொலைவான இடத்திலிருந்து அளக்க வேண்டும். அறையின் நடுவிலிருந்து அளப்பது கண்துடைப்பு. கடைசி மூலையில் நிற்பவருக்குக் கருவி எட்டினால் மற்ற அனைவருக்கும் எட்டும்.

இரண்டாவது, வேலை நடக்கும் நாளில் அளக்க வேண்டும். விடுமுறை நாளில் வெறுமையாகக் கிடக்கும் கொட்டகை வேறு. சாமான் நிரம்பிய கொட்டகை வேறு. விடுதியாயின் இரவில் அளந்து பார்க்க வேண்டும். பகலில் வெறுமையாக இருந்த நடைவழியில் இரவில் காலணிகளும் பைகளும் மிதிவண்டிகளும் வந்து சேர்ந்திருக்கும்.

மூன்றாவது, பூட்டிய கதவைச் சுவராகவே கருத வேண்டும். “சாவி கிராணியிடம் இருக்கிறது” என்பது தீ எரியும் வேளையில் பயன்படாத மறுமொழி.

நான்காவது, அந்தத் தீக்கு ஏற்ற கருவிவரை அளக்க வேண்டும். மின்பலகையின் அருகே நீர்க் கருவி மட்டும் தொங்குமானால், அதனைக் கணக்கில் எடுத்தல் கூடாது. மின்சாரம் ஓடும் பொருளின் மீதும், எரியும் எண்ணெயின் மீதும் நீரைப் பாய்ச்சுவது உயிருக்கே ஆபத்து. ஏற்ற உலர்தூள் அல்லது கரியமிலவாயுக் கருவி எங்கே உள்ளதோ, அதுவரை உள்ள தூரமே உண்மையான நடைத்தொலைவு.

தடுப்பும் தூரமும்

ஒரு முறை அளந்துவிட்டோம் என்று இருந்துவிடலும் ஆகாது. கட்டடம் மாறாவிட்டாலும் அதன் உட்புறம் மாறிக்கொண்டே இருக்கும். பலகைத் தடுப்பு ஒன்றை எழுப்பினால், அடுத்த அறையிலிருந்த கருவிக்கு ஐந்து மீட்டராக இருந்த வழி, வாயிலைச் சுற்றிப் பதினைந்து மீட்டராக நீண்டுவிடும். வெளியேறும் வழியும் அவ்வாறே நீளும்.

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்தில் 2014 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6 ஆம் நாள், கடைவீடு ஒன்றின் மேல்தளத்தில் ஏற்பட்ட தீயில் மலேசியத் தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். அவ்வீடு தடுப்புகளால் பல சிற்றறைகளாக்கப்பட்டு, மிகுதியானோர் தங்கும் இடமாக இருந்தது. பிழைப்பு நாடிக் கடற்பாலத்தைக் கடந்து செல்லும் நம் இளைஞர்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். வாடகை குறைவு என்று கருதி ஓர் அறையை ஏற்குமுன், கட்டிலிலிருந்து வாயில்வரை எத்தனை எட்டு, கருவிவரை எத்தனை எட்டு, வழியில் எத்தனை கதவு என்று எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை.

நடைத்தொலைவை அளக்கும்போது மின்தூக்கியை வழியாகக் கொள்ளக் கூடாது என்பதையும் இங்கே கூற வேண்டும். 1972 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆம் நாள் சிங்கப்பூர் ராபிள்ஸ் பிளேசில் இருந்த ராபின்சன்ஸ் பேரங்காடி தீக்கிரையானபோது ஒன்பது பேர் மாண்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் மின்தூக்கிகளில் சிக்கிக்கொண்டவர்கள். தீ விபத்தில் மின்சாரம் எந்நேரமும் நின்றுபோகலாம். ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் அதற்குரிய கருவி அத்தளத்திலேயே இருக்க வேண்டும். மாடிப்படி ஏறி இறங்கி எடுத்துவரும் ஏற்பாடு ஏற்கத்தக்கதன்று.

தோட்டத்துக் கட்டடங்கள்

இனி நமது இருப்பிடங்களுக்கு வருவோம். எட்டு வீடுகள் கொண்ட லயம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டின் முகப்பு 4 மீட்டர் எனில், லயத்தின் நீளம் 32 மீட்டர். முன்வாசலிலிருந்து பின்புறச் சமையலறைவரை 6 மீட்டர் என்று கொள்வோம். கருவியை லயத்தின் ஒரு கோடியில் மாட்டினால், மறுகோடி வீட்டுச் சமையலறையில் நிற்கும் தாய்க்கு அது 38 மீட்டர் தொலைவில் உள்ளது. விரைந்து நடந்தாலும் போக 25 நொடி, வர 25 நொடி.

அதே கருவியை லயத்தின் நடுவில் மாட்டினால் தூரம் 16 மீட்டரும் 6 மீட்டரும் சேர்ந்து 22 மீட்டராகக் குறையும். செலவு ஏதுமின்றிப் பதினாறு மீட்டர் மிச்சம். இரண்டு கருவிகளை வாங்கி, இரு கோடிகளிலிருந்தும் 8 மீட்டர் உள்ளே தள்ளி மாட்டினால், எந்தச் சமையலறைக்கும் 14 மீட்டருக்கு மிகாது. இரண்டு கருவிகளை வாங்கிய பின்னும் அவற்றை இரு கோடிகளிலேயே மாட்டினால், நடு வீட்டாருக்குத் தூரம் 22 மீட்டராகவே இருக்கும். ஆகவே எத்தனை கருவி என்பதைக் காட்டிலும் எங்கே என்பதே முதன்மையானது.

ரப்பர்த் தாள்களுக்குப் புகையூட்டும் கொட்டகை தனிக் கவனத்துக்குரியது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தப்படும். உலர்ந்த தாள் ஒன்று கழியிலிருந்து நழுவி அடுப்பின் மீதோ, சூடேறிய புகைக்குழாயின் மீதோ விழுந்தால் தீ பற்றிக்கொள்ளும். கருவி அருகில் இருத்தல் வேண்டும் என்று எண்ணி அதனைக் கொட்டகைக்குள்ளேயே மாட்டுதல் தவறு. பொதுவாக இக்கருவிகளை 49 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைத்தல் கூடாது. மேலும், புகை நிறைந்த அறைக்குள் சென்று கருவியைத் தேடுவதும் இயலாத காரியம். ஆகவே புகைக் கொட்டகையின் கருவி வெளியே, வாயிலுக்கு அண்மையில், மழை வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும். உட்புறத்தின் கடைசி வரிசைவரை நடைத்தொலைவை அளந்து, தேவையாயின் மறுவாயிலுக்கு அருகிலும் ஒன்றை மாட்டலாம்.

எரிபொருள் கிடங்குக்கும் இதே முறை பொருந்தும். கருவி கிடங்கின் உள்மூலையில் இருந்தால், தீயைத் தாண்டித்தான் அதனை எடுக்க வேண்டியிருக்கும். வாயிலுக்கு வெளியே, குறுகிய தூரத்தில் இருப்பதே முறை.

குழந்தைகளின் இடம்

ஆயாக் கொட்டகையைப் பற்றித் தனியே கூறாமல் இருக்க இயலவில்லை. 2004 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16 ஆம் நாள், தமிழகத்தின் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் சமையற் கூடத்தில் தோன்றிய தீ, கூரைக் கீற்றில் பற்றி, மேல்தளத்துக் கீற்றுக் கூரைக்குப் பரவியது. அங்கே படித்துக்கொண்டிருந்த குழந்தைகளுள் 94 பேர் மாண்டனர். தமிழர் வாழும் இடமெல்லாம் கண்ணீர் வடித்த நாள் அது.

கீற்றுக் கூரையின் கீழ் அடுப்பு, அதன் அருகே குழந்தைகள், வெளியேறக் குறுகிய வழி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும். ஒரு கருவியை மாட்டிவிட்டால் இத்தகைய இடம் பாதுகாப்பானதாகிவிடும் என்று எவரும் எண்ணலாகாது. முதலில் அடுப்பைக் குழந்தைகளிடமிருந்து பிரிக்க வேண்டும். பின்னர் வெளியேறும் வழியைத் திறந்துவைக்க வேண்டும். அதன் பின்னரே கருவி.

ஆயாக் கொட்டகையில் நடைத்தொலைவை அளப்பவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவர் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக நிற்பவர். அவருடைய முதற்கடமை குழந்தைகளை வெளியேற்றுவது. எனவே அவருக்கான கருவி, அவர் குழந்தைகளோடு வெளியேறும் அதே வழியில் இருக்க வேண்டும். எதிர்த்திசையில் இருக்குமானால், எவ்வளவு அருகில் இருப்பினும் அது அவருக்குப் பயன்படாது.

வாயிலை முதுகுக்குப் பின்னே வையுங்கள்

இந்த உண்மை எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்தும். கருவியை எடுக்கச் செல்லும் நடை, அதே வேளையில் வாயிலை நோக்கிச் செல்லும் நடையாகவும் இருத்தல் வேண்டும். வாயிலருகே சென்றவர் கருவியைக் கையில் எடுத்த பின், தீ சிறிதாக இருந்தால் திரும்பிச் சென்று அணைக்கலாம்; பெரிதாகிவிட்டிருந்தால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறலாம். அறையின் உட்கோடியில் கருவி இருந்தால் இந்தத் தெரிவு அவருக்குக் கிடைப்பதில்லை. தீயணைக்க முற்படும் வேளையிலும் வாயில் நமது முதுகுக்குப் பின்னே இருக்க வேண்டும். தீ நமக்கும் வாயிலுக்கும் நடுவே வந்துவிட இடங்கொடுத்தல் ஆகாது.

கருவியை மாட்டும் உயரமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க நியமப்படி, 18 கிலோவுக்கு மேற்படாத கருவியின் மேற்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு மிகலாகாது. அதனினும் கனமானது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடிப்பகுதி தரையைத் தொடாமல் குறைந்தது 10 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். எட்டாத உயரத்தில் மாட்டிய கருவி, அருகில் இருந்தும் தொலைவில் உள்ளதே ஆகும். அதன் முன்னே உர மூட்டையையோ பால் வாளிகளையோ அடுக்கிவைப்பதும் தூரத்தைக் கூட்டும் செயலே.

யார் செய்ய வேண்டும்?

கருவிகளை வாங்கி மாட்டுவதும், காலந்தோறும் சோதிக்கச் செய்வதும் நிருவாகத்தின் பொறுப்பு. ஆயினும் எந்தக் கதவு எப்போது பூட்டப்படுகிறது, எந்த வழியில் சாமான் குவிகிறது என்பதை அன்றாடம் அங்கே உழைப்பவரே நன்கு அறிவர். மலேசியாவின் 1994 ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும். அக்குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. கயிற்றால் அளந்து கண்ட குறைகளை எழுத்தில் குறித்து, அக்குழுவின் கூட்டத்தில் எடுத்துரையுங்கள். “கருவி தொலைவில் உள்ளது” என்று பொதுவாகக் கூறுவதைவிட, “ஆறாம் எண் வீட்டுச் சமையலறையிலிருந்து 30 மீட்டர்” என்று கூறும் முறையீட்டுக்கு வலிமை மிகுதி. எண்ணை எவரும் எளிதில் மறுக்க இயலாது.

தீயணைக்கும் கருவி சிறு தீக்கு மட்டுமே உரியது என்பதையும் மறவாதீர்கள். புகை நிறைந்துவிட்டால், தீ கூரையைத் தொட்டுவிட்டால், அல்லது ஒரு கருவி தீர்ந்தும் தீ அடங்காவிட்டால், அனைவரையும் வெளியேற்றிவிட்டு உதவிக்கு அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்பன அவ்வழைப்பு எண்கள். நகரத்தைக் காட்டிலும் தோட்டங்கள் தீயணைப்பு நிலையங்களுக்குத் தொலைவில் இருப்பது இயல்பு. தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை கடக்கும் நிமிடங்களில், நமக்குத் துணையாக இருப்பது நாம் முன்கூட்டியே அளந்து மாட்டிவைத்த கருவியும், தடையின்றித் திறந்திருக்கும் வாயிலுமே.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாரம் ஓய்வு நாளில் லயத்து இளைஞர்கள் சிலர் ஒன்றுகூடி, ஒரு கயிறும் சுண்ணாம்புக் கட்டியும் எடுத்துக்கொண்டு, கடைசி வீட்டுச் சமையலறையிலிருந்து தொடங்குவார்களாக. ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை இது.